நெய்தலைப் படித்தல்: மணலும் நீரும் சேறும்

சங்க இலக்கியத்தைப் பற்றித் தமிழர் இருவர் பேசத் தொடங்கினால், பேச்சு குறிஞ்சியில் தொடங்கிப் பாலையில் முடிவதே பெரும்பாலும் வழக்கம். குறிஞ்சிக்குக் களவின் இனிமை உண்டு. பாலைக்குப் பிரிவின் வெம்மை உண்டு. முல்லைக்கு மழையும் மாலையும் உண்டு. மருதத்துக்கு ஊடலின் சுவை உண்டு. நெய்தலின் முறை வரும்பொழுது மட்டும் பேச்சு சுருங்கிவிடுகிறது. ‘இரங்கல்’ என்ற ஒரு சொல்லும், கடற்கரையில் நின்று கலங்கும் தலைவி என்ற ஒரு சித்திரமும் போதும் என்று பலரும் நிறைவடைகின்றனர். மேடையில் நிகழ்வது இதுவே. தேர்வுக்கு எழுதப்படும் உரைநூல்களில் காண்பதும் இதுவே.

அகநானூற்றின் 400 பாடல்களில் 10, 20, 30 என்று பத்தின் மடங்காக வரும் 40 பாடல்களும் நெய்தலுக்கு உரியவை. ஐங்குறுநூற்றில் நூறு பாடல்களை அம்மூவனார் நெய்தலுக்கென்றே பாடியிருக்கிறார். கலித்தொகையில் நெய்தற்கலி நல்லந்துவனார் பெயரால் தனித்து நிற்கிறது. நற்றிணையிலும் குறுந்தொகையிலும் உலோச்சனார் முதலானோர் பாடியவை பல. இத்துணைப் புலவர்கள் இத்துணைப் பாடல்களில் ஒரே கண்ணீரையா திரும்பத் திரும்பப் பாடினார்கள்? அவ்வாறு எண்ணுவது அப்புலவர்களுக்குப் பெருமை சேர்க்காது. படிப்பவருக்கும் பயன் தராது. நெய்தற் பாக்களை அவற்றின் நிலத்தோடு சேர்த்துப் படிப்பது எங்ஙனம் என்பதும், அப்படிப் படிப்பதால் கடற்கரை நகரமொன்றில் குடியேறி வாழும் நமக்கு என்ன பயன் என்பதும் இக்கட்டுரையில் ஆராயப்படும்.

கருப்பொருள் அழிந்தால் எது மிஞ்சும்?

தொல்காப்பியர் அகப்பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் வாழும் விலங்கு, பறவை, மரம், பூ, நீர், தொழில் முதலியன கருப்பொருள். மாந்தரின் ஒழுக்கம் உரிப்பொருள். இம்மூன்றனுள் பாடலுக்குச் சிறந்தது உரிப்பொருளே என்பது மரபு. இம்மரபைக் குறை கூற இடமில்லை. எனினும், ‘சிறந்தது’ என்பதற்கு ‘மற்றவை வேண்டா’ என்று பொருள் கொண்டதனால் ஒரு கேடு விளைந்தது. கருப்பொருள் நாடக மேடையின் பின்திரையைப் போல் ஆயிற்று. திரையில் தாழை எழுதியிருந்தால் என்ன, புன்னை எழுதியிருந்தால் என்ன என்ற மனநிலை படிப்பவரிடம் வளர்ந்தது.

தொல்காப்பியரின் கருத்து இதற்கு நேர்மாறானது. உள்ளுறை உவமம் எதன்மேல் நிற்கும் என்று கூறவந்த அவர், தெய்வம் ஒழிந்த ஏனைய கருப்பொருளையே அதற்கு நிலமாகக் காட்டினார். தலைவியோ தோழியோ வாய்விட்டுச் சொல்ல இயலாததைப் பறவையைக் காட்டியும் நண்டைக் காட்டியும் சொல்லிவிடுவதே உள்ளுறை. கேட்பவனுக்கு அந்தப் பறவையும் நண்டும் தெரிந்திருந்தால்தான் அக்குறிப்புச் சென்று சேரும். தெரியாதவனுக்கு அது வெறும் வருணனை. ஆகவே கருப்பொருள் அழிந்த நாட்டில் உள்ளுறை ஊமையாகிவிடும். ஏட்டைக் கறையான் அரித்தால் பாட்டு அழியும் என்று நாம் அறிவோம். கழியைக் குப்பை நிரப்பினாலும் பாட்டு அழியும் என்பதை இன்னும் போதிய அளவு உணரவில்லை.

நெய்தல் நிலம் ஒன்றன்று

நெய்தலைக் ‘கடலும் கடல் சார்ந்த இடமும்’ என்று பள்ளியில் படித்தோம். பாடல்களைக் கூர்ந்து நோக்கினால், அந்த ஒரு தொடருக்குள் தம்முள் வேறுபட்ட இடங்கள் அடங்கியிருப்பது புலனாகும். கடலை அடுத்து மணல்மேடு. அதன்மேல் கொடியாகப் படர்ந்து மணலைப் பிடித்து வைப்பது அடும்பு. அதற்குச் சற்று உள்ளே புன்னை, தாழை, ஞாழல் நிற்கும் சோலை, அதுவே கானல். கானலுக்கு அப்பால், கடலோடு வாய் வழியே தொடர்புகொண்டு, ஓதம் ஏறும்பொழுது நிறைந்தும் இறங்கும்பொழுது வற்றியும் கிடக்கும் உவர்நீர்ப் பரப்பே கழி. அதன் சேற்றில் நிற்பவை கண்டலும் தில்லையும். ஆற்றின் நன்னீர் வந்து உவரைத் தணிக்கும் இடத்தில் பூப்பது நெய்தல். திணைக்குப் பெயர் தந்த அந்தப் பூவே நன்னீரும் உவர்நீரும் கூடும் இடத்தின் அடையாளம் என்பது எண்ணத்தக்கது. ஆறு வந்து சேராத கழியில் நெய்தல் பூக்காது.

மணலில் வளர்வது வேறு, சேற்றில் வளர்வது வேறு என்ற இவ்வேறுபாட்டைப் புலவர்கள் நன்கு அறிந்திருந்தனர். கண்டலைக் கழிக்கு வேலியாகக் காட்டிய அவர்கள், புன்னையை மணற்குன்றின்மேல் நிறுத்தினர். பிற்காலத்தில் இது கலங்கிப் போயிற்று. அகராதிகளைப் புரட்டினால், கண்டல் என்ற சொல்லுக்குத் தாழை என்றும் பொருள் எழுதியிருக்கக் காணலாம். முண்டகத்துக்கோ தாமரை, தாழை, கழிமுள்ளி என்று பொருள் பலவாகும். அகராதி செய்தோரின் புலமையில் ஐயமில்லை. கழியைப் பார்த்தவர் குறைந்த காலத்தில், சேற்று மரத்தின் பெயரைக் கரை மரத்துக்கு ஏற்றிச் சொல்வது இயல்பே. ஆனால் கண்டல் என்று வருமிடமெல்லாம் தாழை என்று படித்தால், பாட்டிலிருந்து கழி மறைந்துவிடுகிறது. மணல் மட்டுமே மிஞ்சுகிறது.

இக்கலக்கத்தைத் தீர்க்க முனைந்தவருள் பி. எல். சாமி அவர்களை நன்றியுடன் நினைக்க வேண்டும். புதுவையில் அரசுப் பணியில் இருந்துகொண்டே, சங்க நூல்களில் வரும் செடிகொடிகளையும் புள்ளினங்களையும் நேரிற் கண்டு, இன்னது இதுவென அடையாளம் காட்டி நூல்கள் எழுதினார். அலுவலகக் கோப்புகளுக்கு நடுவே வாழும் நம் போன்றோர்க்கு அவர் வாழ்க்கை ஓர் ஊக்கம். அவர் செய்ததைத் திறனாய்வின் ஓரத்தில் கிடக்கும் ‘தாவரப் பட்டியல்’ என்று ஒதுக்குவோர் உளர். பட்டியலாக அது நின்றுவிட்டது என்றால், அதைப் பாட்டுக்குள் கொண்டு செல்லாத திறனாய்வாளர் மேலதே குறை.

தில்லையை எடுத்துக்கொள்வோம். தில்லை என்றால் நமக்கு நினைவில் எழுவது கூத்தப்பெருமான் கோயில். அத்தலத்துக்குப் பெயர் தந்தது ஒரு கழி மரம். கிள்ளினால் பால் வடியும். அப்பால் கண்ணில் பட்டால் பார்வைக்குத் தீங்கு செய்யும். சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்று முகத்துக்கும் கொள்ளிட முகத்துக்கும் நடுவே உள்ள பிச்சாவரம் காட்டில் அம்மரம் இன்றும் நிற்கிறது. தேவாரம் பாடும் நாவுக்குத் தில்லை தெரியும்; அந்த மரத்தைக் காட்டினால் அடையாளம் காண்போர் நம்மில் எத்தனை பேர்?

மூன்று பாடல்கள்

பொதுவாகப் பேசுவதை விடுத்து, மூன்று பாடல்களைக் காண்போம். ஒன்று மணலைப் பற்றியது. ஒன்று நீரைப் பற்றியது. ஒன்று சேற்றைப் பற்றியது.

முதலாவது நற்றிணை 172. சிறுமியர் வெண்மணலில் விளையாடுகையில் ஒரு புன்னை விதையை அழுத்தி வைத்து மறந்துவிடுகின்றனர். அது முளைக்கிறது. நெய்யும் பாலும் பெய்து அதை வளர்க்கின்றனர். பிற்காலத்தில் அன்னை அம்மரத்தைக் காட்டி, இது உன் தங்கை, உன்னினும் சிறந்தவள் என்று மகளிடம் கூறுகிறாள். ஆதலின் அம்மர நிழலில் நின்னொடு நகையாடத் தலைவிக்கு நாணமாக இருக்கிறது என்று தோழி தலைவனிடம் சொல்கிறாள். மரத்தை உடன்பிறப்பாகக் கருதிய தமிழர் பண்பாடு என்று இப்பாடலை மேடைதோறும் போற்றுகின்றனர். போற்றத்தக்கதே. ஆயினும் அதில் மற்றொரு செய்தியும் உண்டு. அச்சிறுமியர் அழுத்தியது புன்னை விதை. அழுத்திய இடம் மணல். மறந்துவிட்ட விதையும் முளைத்தது, அது தனக்குரிய மண்ணில் விழுந்ததனால். அன்பு பிறகு வந்தது; இடம் முதலில் பொருந்தியிருந்தது.

இரண்டாவது குறுந்தொகை 324. இரவில் தலைவியைக் காணக் கழியை நீந்தி வருகிறான் தலைவன். அந்தத் துறையில் ஆண் முதலை வழியை மறித்துக் கிடக்கிறது. நீ அன்பினால் வருகிறாய், அவள் பேதைமையால் மகிழ்கிறாள், நானோ இரட்டைப் பிள்ளைகள் நஞ்சுண்டதைக் கண்ட தாயைப் போல் இருவருக்காகவும் அஞ்சுகிறேன் என்கிறாள் தோழி. அந்த உவமையாலேயே புலவர் கவைமகன் என்று பெயர் பெற்றார். முதலையை ‘வழியின் ஏதத்துக்கு’ ஓர் எடுத்துக்காட்டு என்று சொல்லி நகர்வது எளிது. ஆனால் முதலையும், கூட்டமாக மீனும், நீந்திக் கடக்கும் அளவு ஆழமும் உள்ள கழி ஒன்று அன்று உயிரோடு இருந்தது என்பதற்கு இப்பாடலே சான்று. இன்று உவர்நீர் முதலையைக் காண விரும்புவோர் ஒடிசாவின் பிதர்கனிகாவுக்கோ, வங்கத்துச் சுந்தரவனத்துக்கோ, அந்தமானுக்கோ செல்ல வேண்டும். பிதர்கனிகாவிலும் 1975-ல் தொடங்கிய காப்புத் திட்டத்தால்தான் அது பெருகியது. தமிழகக் கழிகளில் அது இல்லை. தோழியின் அச்சம் நமக்கு விளங்குகிறது. அச்சத்துக்குக் காரணமான உயிர்தான் காணாமற் போயிற்று.

மூன்றாவது அகநானூறு 140; அம்மூவனார் பாடியது. கழி என்னும் வயலில் பரதவர் உழாமல் விளைத்த உப்பை ஏற்றிக்கொண்டு உமணர் ஊர் ஊராகச் செல்கின்றனர். உமணன் மகள், உப்புக்கு நெல் நேர் என்று விலை கூறித் தெருவில் வருகிறாள். அறியாத குரல் கேட்டு வீட்டு நாய் குரைக்கிறது. அவளைக் கண்ட தலைவன் பெருமூச்சு விடுகிறான். எதைப் போல? கரிய பழஞ்சேற்றில் புதைந்த வண்டியை அவள் தந்தை பூட்டிய எருதுகள் இழுக்கும்பொழுது விடும் மூச்சைப் போல. காதலனின் பெருமூச்சுக்குச் சேற்றில் வருந்தும் எருதை உவமையாகக் கொண்ட துணிவை என்னென்பது! ‘அள்ளல்’ என்னும் அந்தச் சேற்றை அறியாதவர்க்கு இவ்வுவமை சற்று முரடாகத் தோன்றும். ஓதம் இறங்கிய கழியில் முழங்கால் புதைய நடந்தவர்க்கோ, ஓர் அடி எடுத்து வைக்க உடல் முழுதும் மூச்சு வாங்குவது நினைவில் எழும். உவமை நெஞ்சில் இறங்கும்.

இப்பாடல்களில் நிலம் பின்திரையாகவா நிற்கிறது? புன்னையைத் தாழையாக மாற்றிப் பாருங்கள். முதலையை நீக்கிப் பாருங்கள். சேற்றை உலர்த்திப் பாருங்கள். பாட்டு நில்லாது.

ஒரு தடை

அகப்பாட்டின் நிலம் புலவன் கண்ட நிலமன்று, மரபு வகுத்துக் கொடுத்த மனநிலம். அதில் நிலவியல் தேடுவது பொருந்தாது என்று கற்றோர் சிலர் தடை கூறக்கூடும். ஏ. கே. இராமானுசன் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்து 1967-ல் வெளியிட்ட நூலுக்கு, ‘உள்ளத்தின் நிலக்காட்சி’ என்று பொருள்படும் தலைப்பையே இட்டார். அந்நூலால் உலகோர் தமிழ் அகப்பாட்டை அறிந்தனர். அதற்கு நாம் என்றும் கடப்பாடு உடையோம். அகத்திணை ஒரு மரபு என்பதையும் மறுக்கவில்லை. மலையில் வாழ்ந்த புலவனும் மரபறிந்து நெய்தல் பாடியிருக்கலாம்.

ஆனால் மரபு வானத்திலிருந்து இறங்குவதன்று. பலர் பல காலம் உற்று நோக்கியதைச் சுருக்கி வைப்பதே மரபு. உள்ளத்துக்கு நிலக்காட்சி அமைய வேண்டுமானால் முதலில் கண்ணுக்கு ஒரு நிலம் அமைந்திருக்க வேண்டும். நெய்தலுக்கு இரங்கல் உரியதாயிற்றே, அது ஏன்? ஓதம் வருகிறது, போகிறது. மீண்டும் வரும் என்று கரை காத்திருக்கிறது. திரை மேல் சென்றவர் திரும்புவதும் திரும்பாமையும் கடலின் கையில். நாள்தோறும் இருமுறை நிறைந்து இருமுறை வற்றும் நிலத்தில் வாழ்பவர்க்கு, காத்திருத்தல் ஓர் உணர்ச்சி மட்டுமன்று, அதுவே வாழ்முறை. உரிப்பொருள் கருப்பொருளிலிருந்து முளைத்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நாம் குடியிருக்கும் நெய்தல்

இம்மலரைக் கையில் வைத்திருக்கும் அன்பர்கள் பெரும்பாலும் மும்பையில் வாழ்வோர். ஆகவே நெய்தல் நமக்குத் தொலைவில் உள்ள பொருளன்று. நம் காலடியில் உள்ள பொருள்.

மும்பை ஏழு தீவுகளாக இருந்தது என்பதை யாவரும் அறிவர். அத்தீவுகளுக்கு இடையே இருந்தவை ஓதம் ஏறி இறங்கும் கழிகள். பதினெட்டாம் நூற்றாண்டில் வொர்லி அருகே கடல் புகுந்த வாயை அடைத்தனர். 1845-ல் மாகிம் பாலச் சாலை திறக்கப்பட்டது. கழிகள் ஒன்றன்பின் ஒன்றாக மண்ணால் நிரம்பின. விகார், பவாய் ஏரிகளின் வழிநீரைக் கொண்டு வரும் மித்தி ஆறு மாகிம் கழியில் கடலைச் சேர்கிறது. அக்கழியின் கரையில் கோலி மீனவர் வாழ்ந்த ஊர்களுள் ஒன்று தாராவி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலோடு வந்த தமிழர் அங்கே குடியேறினர். நகரம் வேறிடம் தரவில்லை. சேற்றைத் தம் கையால் நிரப்பி, அதன்மேல் வீடும் கோயிலும் பள்ளியும் எழுப்பினர். அவர்களின் உழைப்பைப் போற்றாதவன் தமிழனல்லன். எனினும் அவர்கள் நிரப்பியது ஒரு கழி என்பதும் உண்மை. அதனினும் பன்மடங்கு பெரிய கழிப்பரப்பை, வேறிடம் தேட வசதி படைத்தோர் நிரப்பினர் என்பதும் உண்மை.

ஏன் நிரப்பினர்? அந்நிலத்துக்கு அவர்களிடம் ஒரு பெயர் இல்லை. உழவும் ஆகாது, வீடும் ஆகாது என்றால், கோப்பில் ஏறும் சொல் ‘தரிசு’. அச்சொல் ஒருமுறை ஏறிவிட்டால் அதை இறக்குவது எத்துணைக் கடினம் என்பதை அலுவலகங்களில் காலம் கழிக்கும் நாம் நன்கு அறிவோம். கண்டலைத் தாழை என்று எழுதிய அகராதியும், கழியைத் தரிசு என்று எழுதிய கோப்பும் செய்தது ஒரே செயல்தான். முன்னது பாட்டிலிருந்து கழியை நீக்கியது. பின்னது ஊரிலிருந்து நீக்கியது.

2005 ஜூலை 26-ஆம் நாளை இந்நகரத்தார் மறக்கவில்லை. சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. அத்தகைய மழையை எந்த நிலமும் எளிதில் ஏற்காது. ஆனால் முன்பு அந்நீர் பரந்து நிற்கக் கழி இருந்தது. ஓதம் இறங்கும்வரை காத்திருக்க இடம் இருந்தது. அன்று இல்லை. ஆற்றை நெருக்கியவற்றுள் குடிசைகள் உண்டு, பெருங்கட்டடங்களும் உண்டு, விமான ஓடுதளமும் உண்டு. வெள்ளம் வந்தபோது முதலில் மூழ்கியவை குடிசைகள்.

அதே ஆண்டு அக்டோபரில் மும்பை உயர் நீதிமன்றம் மாநிலம் முழுவதும் கண்டற் காடுகளை அழிப்பதற்கு இடைக்காலத் தடை விதித்தது. 2018 செப்டம்பரில் இறுதித் தீர்ப்பு வழங்கியது. 2012-ல் மாநில வனத்துறையில் இக்காடுகளுக்கென்றே தனிப் பிரிவு அமைந்தது. அதற்கு மராத்தியில் வழங்கும் பெயரில் ‘காந்தள்வன்’ என்ற சொல் இருக்கிறது. அது நம் குறிஞ்சிக் காந்தளன்று. சேற்றில் நிற்கும் காடு. அச்சொல்லைக் கேட்கும்பொழுது நம் கண்டலின் ஒலி காதில் விழுகிறது. மலையாளத்தாரும் கண்டல் என்றே கூறுவர். கண்ணூர் மாவட்டத்தில் கல்லேன் பொக்குடன் என்ற எளிய மனிதர் 1989 முதல் கழியோரங்களில் கண்டல் நட்டு, ‘கண்டல் பொக்குடன்’ என்றே பெயர் பெற்று 2015-ல் மறைந்தார். பெயரை இழக்காதவரிடம் மரமும் தங்கியது.

பிச்சாவரம் தரும் பாடம்

அழிந்த கழியை மீட்க முடியுமா என்ற வினாவுக்கு விடை காணத் தாயகத்துக்குத் திரும்பி, முன்னர்க் கூறிய தில்லைக் காட்டையே பார்ப்போம். பிச்சாவரத்தில் மரங்கள் பட்டுப்போய் வெற்று நிலங்கள் தோன்றியபொழுது, அக்கம்பக்கத்து ஏழை மக்கள் விறகு வெட்டியதும் மாடு மேய்த்ததுமே காரணம் என்று கருதப்பட்டது. 1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வனத்துறையோடு இணைந்து ஆராய்ந்தபோது வேறு காரணம் தெரிந்தது. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி விடுதலைக்குப் பின்னும் நடந்த முறைப்படி, காட்டைப் பகுதி பகுதியாக முற்ற வெட்டி விற்றிருந்தனர். மரம் போன சேறு வெயிலில் காய்ந்தது, காய்ந்து தாழ்ந்தது, தாழ்ந்து தொட்டி போல் ஆயிற்று. ஓதத்தில் ஏறிய நீர் அதில் புகுந்தது. இறங்க வழியின்றித் தேங்கியது. வெயிலில் ஆவியாகி உப்பை மட்டும் விட்டுச் சென்றது. அவ்வுப்பில் எந்த நாற்றும் பிழைக்கவில்லை. விறகு பொறுக்கிய ஏழையின்மேல் சுமத்திய பழி, வரைபடம் வைத்து வெட்டிய நிர்வாகத்தைச் சேர்ந்தது.

காரணம் தெரிந்த பிறகு மருந்தும் தெரிந்தது. மீனின் முள்ளைப் போல நடுவே ஒரு வாய்க்கால், இருபுறமும் கிளை வாய்க்கால்கள் என்று வெட்டி, தொட்டி நிலத்தை ஓதம் ஓடும் கழியோடு இணைத்தனர். நீர் வந்தது, நீர் திரும்பிச் சென்றது. உப்புத் தணிந்தது. அதன் பிறகே வெண்கண்டலை நட்டனர். வாய்க்கால்கள் தூர்ந்துவிடாமல் காக்கும் பணியில் ஊர் மக்களையும் சேர்த்தனர். பச்சை மீண்டது. 2022-ல் பிச்சாவரம் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புடைய சதுப்புநிலமாக ஏற்கப்பட்டது. இங்கே வேலையின் வரிசைதான் பாடம். நீரின் போக்குவரவு முதலில், மரம் பிறகு. புன்னைக்கு மணல் பொருந்தியதுபோல, கண்டலுக்கு ஓதம் பொருந்த வேண்டும்.

இதற்கு மாறானதும் தமிழகக் கரையில் நிகழ்ந்தது. 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை தாக்கிய பிறகு, கண்டற் காடு மறைத்து நின்ற ஊர்கள் குறைந்த இழப்போடு தப்பின என்று கடலூர் மாவட்டத்தை ஆராய்ந்தோர் எழுதினர். கடலிலிருந்து இருந்த தொலைவும் நில உயரமுமே காரணம் என்று வேறு சிலர் மறுத்தனர். ஆராய்ச்சி முடியும்வரை ஆர்வம் காத்திருக்கவில்லை. கரைநெடுகச் சவுக்கு நடப்பட்டது. சவுக்கு நம் கானல் மரமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் விறகுக்காகச் சென்னை மாகாணக் கரையில் பரப்பப்பட்ட அயல் மரம். அதன் சருகு மூடிய நிழலில் அடும்பு படராது. அடும்பு படராத மணல்மேட்டுக்குக் காற்றிலும் அலையிலும் பிடிப்பு இல்லை. ஆமை முட்டையிடும் திறந்த மணலும் குறைகிறது. மரம் நட்டோம் என்ற மனநிறைவு கிடைத்தது; கானல் கிடைக்கவில்லை. கண்டலும் தாழையும் ஒன்று என்ற அகராதிப் பொருள், ‘எல்லாம் மரம்தானே’ என்ற செயலாக மாறிய இடம் இது.

திறனாய்வின் கடமை

திறனாய்வாளனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். வாய்க்கால் வெட்டுவது அவன் தொழிலன்று. சொல்லுக்குச் சரியான பொருள் சொல்வது அவன் தொழில். மணல் வேறு, சேறு வேறு, தேங்கிய நீர் வேறு, ஓதநீர் வேறு என்று அறிந்து படிக்கும் ஒரு தலைமுறை உருவானால், கோப்பில் ‘தரிசு’ என்று எழுதும் கை ஒரு கணம் தயங்கும். அந்தக் கை பல நேரங்களில் நம்மவர் கையாகவே இருக்கிறது என்பதையும் நினைவிற் கொள்வது நல்லது.

இத்தயக்கம் இன்று மிகவும் தேவைப்படுகிறது. 2024-ல் தாராவி மறுசீரமைப்புக்காக, கஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் பகுதிகளின் உப்பள நிலத்தில் ஏறத்தாழ 256 ஏக்கரை வழங்க ஒப்புதல் ஆயிற்று. தாராவியில் வீடு பெறத் தகுதியில்லை என்று விலக்கப்படுவோர்க்கு அங்கே வாடகை வீடு என்பது திட்டம். விலக்கப்படுவோருள் தமிழ்க் குடும்பங்களும் இருக்கும். அவர்களுக்கு உறுதியான கூரை வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால் அம்மூவனார் வயல் என்று பாடிய நிலம் உப்பளம். ஓதநீரும் மழைநீரும் பரந்து நிற்க இந்நகருக்கு எஞ்சிய சில இடங்களுள் அதுவும் ஒன்று. ஒரு கழியை நிரப்பி வாழ்ந்த மக்களை மற்றொரு நெய்தல் நிலத்தை நிரப்பி அங்கே அனுப்பினால், அடுத்த பெருமழையில் முதலில் மூழ்குவோர் யார்? இவ்வினாவை எழுப்புவது குடிசைவாழ் மக்களுக்கு எதிரான பேச்சு என்று சிலர் கூறுவர். அம்மக்களுக்கு உலர்ந்த மண்ணில், தொழிலுக்கு அருகில் இடம் கேட்பதே அவர்களுக்கு ஆதரவான பேச்சு என்பது நம் துணிபு.

சங்கம் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளில் நம் பிள்ளைகள் ஐந்திணைப் பெயரை ஒப்புவிக்கின்றனர். பிறந்தது முதல் அவர்கள் வாழ்வது நெய்தலில் என்பதை யாரேனும் அவர்களுக்குச் சொன்னதுண்டா? குறிஞ்சியைக் காட்ட அவர்களைக் கொல்லிமலைக்கு அழைத்துச் செல்ல நம்மால் இயலாது. நெய்தலைக் காட்டப் புறநகர் வண்டி போதும். சிவ்ரிக் கரையில் நீர் இறங்கிய சேற்றில் பூநாரைகள் இரை தேடுவதைக் காட்டலாம். தாணே கழி 2015-ல் அப்பறவைகளின் சரணாலயமாகி, 2022-ல் ராம்சார் பட்டியலில் ஏறியதைச் சொல்லலாம். வெண்கண்டலின் மூச்சு வேர்கள் சேற்றிலிருந்து மேல்நோக்கி நிற்பதைக் காட்டி, அதன் பெயரைத் தமிழிலும் மராத்தியிலும் சொல்லிக் கொடுக்கலாம். அதன் பிறகு அகநானூற்றின் 140-ஆம் பாடலைப் படித்துக் காட்டினால், சேற்றில் புதைந்த வண்டிக்கு உரை தேவைப்படாது.

பழம்பாடல்களைக் காப்பதற்கு ஏடு தேடி அலைந்த பெரியோர் வாழ்ந்த மரபு நம்முடையது. ஏடுகள் அச்சேறிவிட்டன, அவை இனி அழியா. அவற்றுள் சொல்லப்பட்ட மணலும் நீரும் சேறும் அச்சில் ஏறுவன அல்ல. அவற்றை இருந்த இடத்திலேயே காக்க வேண்டும். ஓதம் வந்து போக வழி விட வேண்டும். அவ்வழியை அடைத்துவிட்டு நெய்தற் பாட்டுக்கு விழா எடுப்பதில் பொருள் இல்லை.